உதடு அசையாத ஜெபமாலை

பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி, அப்பாவும் நானும் பெரம்பூர் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பூசை ஆரம்பமாகிவிட்டது. அம்மா இல்லாமல் நாங்கள் வரும் முதல் திருநாள். அவளுடைய ஜெபமாலை அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

அம்மா மீன் விற்றவள். சனிக்கிழமை வியாபாரம் முடிந்ததும் கை கழுவி, புடவை மாற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். மாதா குகையான கெபிக்கு முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை மணியை உருட்டுவாள், உதடு அசையாது. சத்தமாகச் சொன்னால்தான் ஜெபம் என்று சின்ன வயதில் நினைத்திருந்த எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

1858-ல் இதே நாளில் பிரான்சின் லூர்து ஊரில், மசபியேல் குகையில், பெர்னதெத் என்ற சிறுமி மாதாவை முதன்முதலாகக் கண்டார். விறகு பொறுக்கப் போன 14 வயது ஏழைப் பெண். அன்று மாதா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெர்னதெத் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்ல, மாதாவின் விரல்களில் மணிகள் நகர்ந்தன, உதடு அசையவில்லை. பேசியது 18-ஆம் தேதிதான். இதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

கடலுக்குப் போன சித்தப்பா திரும்பி வராத வருடத்திலிருந்து அப்பா கோயில் வாசலை மிதிக்கவில்லை. பதினொரு வருடம். அம்மா ஒருநாளும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, எங்களிடம் குறை சொல்லவும் இல்லை. அவர் எந்நேரம் வந்தாலும் சோறு மூடி வைத்திருக்கும், அவ்வளவுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, ஒரு வார்த்த கூப்ட்டா வர மாட்டாரா?" என்றேன். "கூப்ட்டுக்கினுதான் இருக்கேன்" என்று கையிலிருந்த மாலையைக் காட்டினாள்.

புனித மோனிக்காவும் அப்படித்தான், கணவரும் மகனும் மனம் மாறக் காத்திருந்தார். கணவர் மனம் மாறியது தம் கடைசி நாட்களில். மகன் அகஸ்டின் 387-ல்தான் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றார், அதே வருடம் மோனிக்கா கண்மூடினார். கிறிஸ்தவ வாழ்க்கை என்றால் என்னவென்று பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது என்னவோ அந்த மூடி வைத்த சோற்றில்தான்.

ஒருநாள் அம்மாவின் ஜெபமாலையில் ஒரு மணி உடைந்து, அந்த இடத்தில் நூலும் அறுந்துவிட்டது. அம்மா அதை மாடத்தில் வைத்துவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். வந்து பார்த்தால், உடைந்த மணி இருந்த இடத்தில் பச்சை வலை நூலால் ஒரு முடிச்சு. நைலான் நூலை இறுக்கி, நுனியை நெருப்பில் காட்டி உருட்டியிருந்தது. யார் போட்டது என்று அம்மா கேட்கவில்லை. தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அப்பா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

பூசை முடிந்து கெபிக்கு வந்தோம். உலக நோயாளர் நாளும் இதே நாள்தான் என்பதால் சக்கர நாற்காலியில் நிறையப் பேர். நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு இடம் விட்டு, அப்பா ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். மாலையை எடுத்தார். மணிகள் நகர்ந்தன, உதடு அசையவில்லை. பச்சை முடிச்சு வந்தபோது கட்டைவிரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

53 மணி முடிந்ததும் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். மறுபடியும் சிலுவையைப் பிடித்து ஆரம்பித்தார். நான் மெழுகுவத்தி வாங்கப் போனேன்.