தலைகீழ் யானை, யாரும் சொல்லாத கொடி: அமெரிக்க வாரயிறுதி செஸ் போட்டிகள்

சென்னையிலோ கோவையிலோ ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் போட்டிகள் ஆடிப் பழகியவர் அமெரிக்காவில் முதல் போட்டிக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வெறும் மேசை. விரிப்பும் பலகை எண்ணும் மட்டும் இருக்கும். பெரும்பாலான ஓப்பன் போட்டிகளில் காய், பலகை, கடிகாரம் மூன்றையும் ஆடுபவரே கொண்டுவர வேண்டும். 20 அங்குல வினைல் பலகை (கட்டம் இரண்டேகால் அங்குலம்), மூன்றேமுக்கால் அங்குல ராஜா, டிலே (நேரம் குறையுமுன் சில விநாடி காத்திருக்கும்) வசதியுள்ள டிஜிட்டல் கடிகாரம் இருந்தால் போதும். இருவரும் நேரத்துக்கு வந்துவிட்டால் யாருடைய பொருளில் ஆடுவது என்று சொல்லும் உரிமை கருப்புக்கு. கருப்பு தாமதமானால் அது வெள்ளைக்குப் போய்விடும்.

காய் வாங்கும்போது பக்கத்துக்கு இரண்டு ராணி உள்ள 34 காய் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். சிப்பாய் கடைசி வரிசையைத் தொடும் நேரத்தில் ராணி கையில் கிடைக்காவிட்டால், யானையைத் தலைகீழாக வைப்பது இங்கே வழக்கம். யு.எஸ். செஸ் (அமெரிக்க செஸ் கூட்டமைப்பு) விதிப்படி அது ராணிதான். ஃபிடே விதியில் அது யானைதான், வாயால் ராணி என்று சொன்னாலும் சரி. 2017 கனடா சாம்பியன்ஷிப்பின் டை-பிரேக் பிளிட்ஸில் (சமநிலையை முறிக்கும் அதிவேக ஆட்டத்தில்) இதேதான் நடந்தது: ராணி என்று நினைத்து வைத்த தலைகீழ் யானையை ஆர்பிட்டர் (நடுவர்) யானை என்றே தீர்ப்பளித்தார். அந்த ஆட்டம் போனது, பட்டமும் போனது. அமெரிக்காவிலும் சில ஓப்பன் பிரிவுகள் ஃபிடே விதியில் நடக்கும் என்பதால் எந்த விதி என்று முதல் சுற்றுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டு வாங்குவது இரண்டு விதியிலும் செல்லும்.

நம்மவர்களுக்கு அதிகம் வலிக்கும் இடம் இனிமேல்தான். ஊரில் ஆர்பிட்டர் பலகை பலகையாக நடந்து தவறைப் பிடிப்பார். இங்கே டி.டி. என்று அழைக்கப்படும் டோர்னமென்ட் டைரக்டர் பெரும்பாலும் தன் மேசையில்தான் இருப்பார். நேரம் முடிந்ததை (கொடி விழுந்தது என்பார்கள்) ஆடும் இருவரில் ஒருவர்தான் சொல்ல வேண்டும், டி.டி. பார்த்தாலும் சொல்லமாட்டார். எதிராளியின் கடிகாரம் பூஜ்யம் காட்டுவதைக் கவனிக்காமல் யோசித்துக்கொண்டிருந்து, கடைசியில் தோற்று எழுந்தவர்கள் உண்டு. எதிராளியின் முறையற்ற நகர்த்தலையும் நீங்களே கவனிப்பது நல்லது. பத்து நகர்த்தலுக்குள் கண்டுபிடித்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம், உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதைத் தாண்டினால் அந்த நகர்த்தல் நிலைத்துவிடும். ஆகவே தகராறு வந்தால் எதிராளியோடு வாதாடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள், டி.டி.யை அழையுங்கள். தொட்ட காயை நகர்த்தவில்லை என்ற புகாருக்கு மட்டும், சாட்சியோ எதிராளியின் ஒப்புதலோ இல்லாமல் பலன் கிடைப்பது அரிது.

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றும் கேஸ்லிங்கிலும் வித்தியாசம் உண்டு. யானையை முதலில் தொட்டாலும் யு.எஸ். செஸ்ஸின் பொதுவிதி கேஸ்லிங்கை அனுமதிக்கிறது, ஃபிடே அனுமதிப்பதில்லை. ராஜாவை முதலில் எடுக்கும் பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்வதே நல்லது.

"ஜி 90 டி 5" என்றால் ஆளுக்கு 90 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரம் 5 விநாடி காத்திருந்து பிறகே குறையும். அந்த 5 விநாடியைச் சேமிக்க முடியாது. பலர் இதை இன்கிரிமென்ட்டாக (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் கூடும் முறை) அமைத்துவிடுகிறார்கள், கடைசி நிமிடங்களில்தான் தெரியவருகிறது. ஆட்டத்துக்கு முன் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்: நேரம் கூடினால் அமைப்பு தவறு.

பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கு ஒன்று. ஆட்டம் நடக்கும்போது பலகை அருகே தமிழில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். "தண்ணி குடிச்சியா?" என்பதுதான் கேள்வி என்று எதிரே இருக்கும் பிள்ளைக்கோ அவர் பெற்றோருக்கோ தெரியாது. உதவி சொன்னதாகப் புகார் போனால், தண்டனை இல்லாவிட்டாலும் பிள்ளையின் கவனம் குலைந்துவிடும். தண்ணீரும் தயிர்சாதமும் ஸ்கிட்டில்ஸ் அறையில் காத்திருக்கட்டும். முடிந்த ஆட்டத்தைப் பேசிப் பார்க்கும் இடமும் அதுதான்.

இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. பிலடெல்பியாவில் 1993 வேர்ல்ட் ஓப்பனில் ரேட்டிங்கே இல்லாத ஒருவர், கணினி அறிவியல் முன்னோடி ஜான் வான் நாய்மானின் பெயரில் பதிந்து, ஹெட்போனோடு ஆடி, கிராண்ட்மாஸ்டர் ஒருவரிடம் டிரா செய்தார். அவர் சட்டைப் பையில் ஏதோ புடைத்திருந்தது, முக்கியமான தருணங்களில் அதிலிருந்து ஓசை வந்தது. டி.டி. விசாரித்தபோது எளிய செஸ் கேள்விக்குக்கூடப் பதில் வரவில்லை. 2006இல் அதே போட்டியின் ரேட்டிங் 2000க்குக் கீழான பிரிவில் முன்னணியில் இருந்தவர் கம்பியில்லாக் காதுக்கருவியோடு பிடிபட்டார். ஒரு அமெச்சூர் பிரிவிலேயே பல ஆயிரம் டாலர் பரிசு இருக்கும்போது கெடுபிடி நியாயமானதே. கைப்பேசியை அணைத்துப் பையில் வையுங்கள்; ஒலித்தால் நேரக் குறைப்பு முதல் தோல்வி வரை தண்டனை போட்டிக்குப் போட்டி மாறும். ஃபிடே ரேட்டிங் இருந்தால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள், ரேட்டிங் இல்லாதவராகக் கீழ்ப்பிரிவில் சேராதீர்கள்.

ஒரு சுற்று ஆட முடியாதென்றால் அரைப்புள்ளி பை (bye: ஆடாத சுற்றுக்கு அரைப்புள்ளி தரும் விடுப்பு) முன்கூட்டியே கேட்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கான பை இன்னும் சீக்கிரமே, பிறகு அதை மாற்ற முடியாது. முடிவை ஜோடிப் பட்டியலில் (யாருக்கு எதிராக யார் என்ற பட்டியல்) எழுதாமல் இருவரும் சாப்பிடப் போய்விட்டால் அடுத்த சுற்றில் இருவர் பெயரும் விடுபடலாம். அதனால் பட்டியல் ஒட்டியவுடன் உங்கள் புள்ளி சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் கடிகாரங்கள் ஓடத் தொடங்குவதற்குள் டி.டி.யிடம் போய்விடுங்கள்.