நான்கு கட்டங்களுக்குள் ஓர் ஆமை

நாளிதழில் வரும் காமிக்ஸைப் படிக்க எனக்குப் பத்து விநாடி போதும். நான்கு கட்டங்களைப் பார்ப்பேன், ஒரு புன்னகை வரும், பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ‘இதில் அப்படியென்ன வேலை இருந்துவிடப் போகிறது’ என்று வெகுநாளாக ஓர் இளக்காரம் உள்ளூர இருந்தது. அதைச் சோதித்துவிடலாம் என்று 40 நாள் கெடு வைத்துக்கொண்டேன். நாளுக்கு ஒரு காமிக்ஸ்; பாத்திரங்கள் ஓர் ஆமை, ஒரு தவளை. ஆமையைத் தேர்ந்ததில் கலை நோக்கம் எதுவும் இல்லை. எனக்குச் சுமாராக வரைய வருகிற ஒரே விலங்கு அதுதான்.

முதல் நாள் மூன்று மணி நேரம் பிடித்தது. படத்தை ஆசையாக வரைந்து முடித்த பிறகு வசனம் எழுதும் பேச்சு பலூனுக்கு இடம் தேடினால், தவளையின் தலைக்கு மேல் ஒரு விரற்கடைதான் மிச்சம். மறுநாளிலிருந்து எழுத்தை முதலில் எழுதி, மிஞ்சிய இடத்தில் படம் போடத் தொடங்கினேன். ஆங்கில காமிக்ஸ்காரர்கள் மேல் அன்றுதான் எனக்குப் பொறாமை வந்தது. பெரும்பாலும் எல்லாவற்றையும் கேபிடல் எழுத்துகளில் எழுதிவிடுகிறார்கள். உயரம் ஒன்றுபோல இருப்பதால் வரிகளை நெருக்கி அடுக்க முடிகிறது. நமக்கோ ‘கீ’ மேலே சுழிக்கும், ‘பூ’ கீழே வளையும், இரண்டு வரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லே ஒரு பலூனை விழுங்கிவிடும். வேறு வழியில்லாமல் ஆமைக்கு வினைச்சொற்களைக் குறைத்தேன். அது தந்தி அடிப்பதுபோல் பேச ஆரம்பித்தது. அதன் சுபாவமே அப்படித்தான் அமைந்தது. நான் யோசித்து வைத்ததல்ல.

மூன்றாம் நாள் வேறொரு சிக்கல். வலப்பக்கம் நின்ற தவளை முதலில் பேச, இடப்பக்கத்து ஆமை பதில் சொல்ல, பேசுகிறவரைக் காட்டும் பலூன் வால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வெட்டிக்கொண்டன. படித்த தம்பி பதிலை முதலில் படித்துவிட்டு, “புரியவில்லையே அண்ணா” என்றான். உடனே சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ காமிக்ஸ் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக, முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கிறார். இல்லாவிட்டால் அவருடைய பலூன் ஒரு படி மேலே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் படித்தும் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

எட்டாம் நாள்தான் உருப்படியாக ஒன்று அமைந்தது. தவளை கேட்கிறது: “எங்கே கிளம்பினாய்?” ஆமை: “வீட்டுக்கு.” மூன்றாம் கட்டத்தில் தவளை, “உன் வீடுதான் உன் முதுகிலேயே இருக்கிறதே!” என்கிறது. நான்காவதில் ஆமை விழிக்கிறது. எழுதும்போது சிரித்தேன், வரைந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அழித்துவிட்டு மூன்றாம் கட்டத்தில் பேச்சே இல்லாமல் விட்டேன். தவளை ஆமையின் ஓட்டைப் பார்க்கிறது, அவ்வளவுதான். நான்காவதில் தவளை சொல்கிறது: “சுற்று வழியில் போகிறாய் போலிருக்கிறது.” இப்போது சரியாக வந்தது. முதுகில் வீடு இருக்கிறது என்பதை நான் சொல்லாமல் விட்டதால், படிக்கிறவர் அதைத் தானே சொல்லிக்கொள்கிறார். அதற்கு அவருக்கு ஒரு கட்ட அவகாசம் வேண்டும். அந்தப் பேசாத கட்டம் இருப்பது அதற்காகத்தான். ‘கார்ஃபீல்ட்’ காமிக்ஸில் பூனை ஒன்றும் பேசாமல் நம்மை வெறித்துப் பார்க்கும் கட்டங்களை, வரைந்தவரின் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். (பின்னணியில் மேசைக்கு ஒரு கோட்டைப் போட்டு முடித்துக்கொள்வதைப் பற்றி மட்டும் இன்னும் சந்தேகம் இருக்கிறது.)

பதினான்காம் நாள் ஞாயிறு. அமெரிக்க ஞாயிறு காமிக்ஸில் மேல் வரிசை பல நேரம் வெட்டிப்போடுவதற்கென்றே வரையப்படுவது. இடம் குறைவான நாளிதழ் அதை எடுத்துவிட்டு மிச்சத்தை அச்சிடும். எடுத்தாலும் கதை அறுந்துபோகக் கூடாது. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சன் இதோடு மல்லுக்கட்டி, 1992 முதல் தன் ஞாயிறு பகுதியைப் பிரிக்க முடியாத அரைப் பக்கமாக வெளியிட வைத்தார். நானும் அவர் கட்சிதான் என்று நம்பி, மேல் வரிசையில் குளம், நாணல், மேகம் எல்லாம் போட்டேன். பிறகு ஒரு தாளால் அந்த வரிசையை மறைத்துப் பார்த்தேன். மறைத்ததே நன்றாக இருந்தது. வாட்டர்சனிடம் வெட்டக் கூடாத மேல் வரிசை இருந்தது, என்னிடம் இல்லை. மானம் போனால் நாணலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பீனட்ஸின் ஒரே அளவான நான்கு கட்டங்களுக்கும் இடப் பஞ்சம்தான் காரணம். கிடையாக ஒரு வரிசை, நெடுக ஒரு பத்தி, இரண்டுக்கு இரண்டாக ஒரு சதுரம் என்று நாளிதழ் தன் வசதிப்படி அடுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அது விற்கப்பட்டது. ஒரு கட்டத்தை அகலமாக்கி அழகு காட்டும் உரிமை சார்லஸ் ஷுல்ஸுக்கு அப்போது இல்லை. ‘பீனட்ஸ்’ என்ற பெயரும் அவர் வைத்ததல்ல. காமிக்ஸை நாளிதழ்களுக்கு விற்கும் விநியோக நிறுவனம் சூட்டியது, அவருக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. நானும் பத்து நாள் சம கட்டங்களில் வரைந்தேன். கட்டத்தைப் பற்றி யோசிக்கும் வேலை மிச்சமானது. ஆனால் தவளை தாவும் ஒரு காட்சியைக் கைவிட வேண்டியதாயிற்று, தாவுவதற்கு இடமில்லை.

இருபத்திரண்டு முதல் முப்பது வரை ஒன்றுமே வரையவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாம், ஆனால் காய்ச்சல் மூன்று நாள்தான். மீதி ஆறு நாளும் ஆமைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஷுல்ஸ் 1950 அக்டோபர் 2 தொடங்கி, உதவியாளர் யாரும் இல்லாமல், தானே எழுதி, தானே வரைந்து, பலூன் எழுத்துகளையும் தானே போட்டு 17,897 காமிக்ஸ் வரைந்தார். பெரிதாக எடுத்துக்கொண்ட ஓய்வு 1997-இல் ஐந்து வாரம். கடைசி ஞாயிறு பகுதி வெளியானது 2000 பிப்ரவரி 13. அதற்கு முந்தைய நாள் இறந்துபோனார். பிற்காலத்தில் அவருக்குக் கை நடுங்கியது. கோட்டிலும் அந்த நடுக்கம் தெரியும். அந்தப் பக்கங்களை முன்பெல்லாம் வேகமாகத் தள்ளிவிடுவேன். இந்த ஒன்பது நாளில் அவற்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நாற்பதாம் நாள் கணக்கு: 31 காமிக்ஸ். பார்த்தவுடன் சிரிப்பு வருவது நான்கு. எல்லாவற்றையும் நகல் இயந்திரத்தில் பாதி அளவுக்குச் சுருக்கி எடுத்தேன், நாளிதழில் எப்படித் தெரியும் என்று பார்க்க. ஓட்டின் மேல் மணிக்கணக்கில் போட்ட குறுக்குக் கோடுகள் எல்லாம் சேர்ந்து கரித்துண்டாகிவிட்டன. எட்டாம் நாள் காமிக்ஸில் தவளையின் கண்மணி காணாமலே போய்விட்டது. ஓட்டைப் பார்க்கிறதா, வானத்தைப் பார்க்கிறதா என்றே தெரியவில்லை. அந்த மூன்றாம் கட்டத்தை மட்டும் தடித்த பேனாவால் மறுபடி வரைய வேண்டும்.