பிட்யூட்டரி அறுவைக்கு நோயாளியைப் படுக்கவைத்தல்: வைவாவில் நான் தடுமாறிய கேள்வி

மயக்கவியல் எம்.டி. இறுதி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), மூக்கு வழியாகச் செய்யும் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சிறு சுரப்பி) கட்டி அறுவைக்கு நோயாளியை எப்படிப் படுக்கவைப்பீர்கள் என்று கேட்டார்கள். "மல்லாந்த நிலை, தலைப்பக்கம் 30 டிகிரி உயரம்" என்று மனப்பாடமாகச் சொன்னேன். "ஏன் 60 கூடாது?" என்றதும் வாயடைத்துப்போனேன்.

தலை இதயத்தைவிட உயர்ந்திருந்தால் சிரை இரத்தம் எளிதாக வடிந்து, பிட்யூட்டரியின் இரு பக்கமும் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக்குழியில் அழுத்தம் குறையும். எண்டோஸ்கோப்பின் பார்வையை மறைக்கும் கசிவும் மட்டுப்படும். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால் இரத்த அழுத்தம் சரிவதோடு, திறந்த சிரை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும் ஆபத்தும் கூடும் என்பதால்தான் 15 முதல் 30 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறோம். இதையொட்டியே இரத்த அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் பற்றிய கேள்வி வரும். தலை இதயத்தைவிட 20 செ.மீ. மேலே இருந்தால் மூளை மட்டத்தில் அழுத்தம் ஏறத்தாழ 15 மி.மீ. பாதரசம் குறைவாக இருக்கும்; இதய மட்டத்தில் வைத்த டிரான்ஸ்டியூசர் சராசரி அழுத்தத்தை 70 என்று காட்டும்போது மூளைக்குக் கிடைப்பது 55 மட்டுமே. ஆகவே அதைக் காதுத்துளை மட்டத்தில் வைப்பதாகச் சொல்லுங்கள்.

கழுத்தைப் பொறுத்தவரை, கட்டி முன்பக்க மண்டையோட்டு அடித்தளத்துக்குப் பரவியிருந்தால் சற்றுப் பின்னோக்கியும், பிட்யூட்டரிக்குப் பின்னால் சரிந்திறங்கும் எலும்பான கிளைவஸ் பக்கம் இறங்கியிருந்தால் சற்று முன்னோக்கியும் வளைப்பார்கள். அதிகம் திருப்பினால் கழுத்திலுள்ள ஜுகுலர் சிரை நெரிந்து, தலையை உயர்த்திய பலனே வீணாகும். அறுவை மருத்துவர் வலப்பக்கம் நிற்பவரானால் சுவாசத்துக்கான டியூபை வாயின் இடது ஓரத்தில் ஒட்டுவது வழக்கம்.

இரண்டாம் முறை தேர்வுக்குத் தயாரானபோது, ஒரு மாலை, காலியாக இருந்த தியேட்டர் டேபிளில் நானே படுத்துப் பார்த்தேன். பிறர் சிரித்தது வேறு விஷயம். பத்தே நிமிடத்தில் பின்தலை வலித்தது. பக்கவாட்டில் செருகிய கைக்கடியில் சிக்கிய த்ரீ-வே (சிரைவழிக் குழாயின் மூவழித் திருகு), முன்கையில் ஆழமான தடம் பதித்திருந்தது. அக்ரோமெகாலி (வளர்ச்சி ஹார்மோன் மிகும் நோய்) நோயாளிகளுக்கு ஏற்கெனவே மணிக்கட்டு நரம்பு நெரிந்திருக்கலாம் என்பதும், கார்டிசால் மிகும் குஷிங் நோயில் பிளாஸ்டரைப் பிரித்தாலே தோல் உரியும் என்பதும் அதன்பின் எனக்கு வெறும் பாடவரிகளாக இல்லை.

அம்முறை கடைசியாகக் கேட்டது இரத்தம் உள்ளே இறங்காமலிருக்கத் தொண்டையில் வைக்கும் துணி பேக்கைப் பற்றி. அதை எண்ணிக்கைப் பலகையில் எழுதுவோம், டியூபை எடுக்கும் முன் வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டுவோம் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.