பத்து நிமிடக் கடிகாரம்

ஜூன் 2, இரவு

'ஆர்வெல்' என்ற கணினி கேமின் முதல் பாகத்தை முடித்துப் பல மாதம் ஆகிவிட்டது. இன்றுதான் இரண்டாவதைத் திறந்தேன். 'ஆர்வெல்: இக்னரன்ஸ் இஸ் ஸ்ட்ரெங்த்'. அறியாமையே வலிமை. 1949இல் வெளியான ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் வரும் கட்சியின் மூன்று முழக்கங்களில் ஒன்றைத் தலைப்பாக எடுத்திருக்கிறார்கள். செய்தது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தின் ஆஸ்மாடிக் ஸ்டூடியோஸ். மிகச் சின்னக் குழு. 2016இல் வந்த முதல் பாகத்தில் ஐந்து பகுதிகள் இருந்தன. 2018இல் வந்த இதில் மூன்றுதான்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதை நடப்பது 'தி நேஷன்' என்ற கற்பனை நாட்டில். நாம் அரசாங்கத்தின் கண்காணிப்பாளர். சந்தேக நபரின் இணையப் பக்கம், அரட்டை, தொலைபேசிப் பேச்சு, கணினிக் கோப்பு எல்லாம் நம் திரைக்கு வரும். படிக்கும்போது சில வரிகள் மட்டும் தனி நிறத்தில் தெரியும். அவற்றை இழுத்து அவருடைய கோப்பில் போட்டால் மேலதிகாரிக்குப் போகும். மேலதிகாரி முழுப் பேச்சையும் பார்ப்பதில்லை. நாம் அனுப்பிய வரி மட்டும்தான் அவருக்கு உண்மை. அனுப்பியதைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஒன்றோடு ஒன்று முரண்படும் இரண்டு வரிகள் கிடைத்தால், ஒன்றை அனுப்பியதும் மற்றது செல்லாமல் போய்விடும்.

துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. முழுக்க வாசிப்புதான். பொறுமை இல்லாதவர்கள் பத்தாவது நிமிடத்தில் மூடிவிடுவார்கள்.

ஜூன் 3

இந்தப் பாகத்தின் ஆகச் சிறந்த விஷயம் முதல் பகுதியிலேயே வந்துவிட்டது. கடிகாரம். ஒவ்வொரு வரியை அனுப்பும்போதும் கதைக்குள் பத்து நிமிடம் ஓடிவிடுகிறது.

கேட்டால் சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். முதல் பாகத்தில் நான் எப்படி ஆடினேன் என்று யோசித்தால்தான் இதன் அருமை புரிகிறது. அப்போது கண்ணில் பட்டதையெல்லாம் அனுப்பினேன். பிறந்த தேதி, படித்த கல்லூரி, பழைய காதல், பிடித்த இசை. கோப்பு நிரம்ப நிரம்ப வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி வேறு. இங்கே அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது. ஒலெக் பகாய் என்று ஒருவர். பக்கத்து நாடான பார்ஜஸின் ராணுவத்தைச் சேர்ந்தவர், காணாமல் போய்விட்டார். அவர் இருக்கும் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். நானோ தேவையில்லாத மூன்று வரிகளை அனுப்பி அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டேன்.

எவ்வளவு நேரம் படித்தாலும் கடிகாரம் நகர்வதில்லை. போட்டுக்கொடுக்கும்போதுதான் நகர்கிறது. இதை யோசித்தவருக்கு ஒரு கைகுலுக்கல்.

தம்பி இதை எப்போதோ ஆடி முடித்துவிட்டான். போனில் சொன்னதும் சிரித்தான். "எல்லாத்தையும் அனுப்பிட்டியாக்கா? முதல் பாகம்னு நெனச்சுட்ட போல."

ஜூன் 5

தொடவில்லை. வேலை.

ஜூன் 6, நள்ளிரவு தாண்டி

இரண்டாவது பகுதி முடிந்தது. மூன்று பகுதிகளுக்கும் கருத்து, எதிர்க்கருத்து, தொகுப்பு என்ற பொருளில் தத்துவ வகுப்பு மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுப் பகுதியில் கடிகாரம் எனக்கு உறுத்தவே இல்லை. ஓடுவது தெரிகிறது, பயம் வரவில்லை. கையில் இருந்த நல்ல கருவியை இப்படியா மூலையில் வைப்பார்கள்?

இன்றைக்கு முழுக்க ராபன் வார்ட் கூடத்தான். 'தி பீப்பிள்ஸ் வாய்ஸ்' என்ற பெயரில் அரசாங்கத்தைக் கிழித்து எழுதும் பத்திரிகையாளர். பார்ஜஸிலிருந்து வந்தவர். இந்தக் கேமின் பலமும் பலவீனமும் இந்த ஆள்தான் என்று தோன்றுகிறது. அரசாங்கத்தைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள் கர்வம் பிடித்தவர், யாரையும் பேசவிடமாட்டார், தன் கோபத்தையே கொள்கை என்று நினைத்துக்கொண்டிருப்பவர். நல்லவரை மட்டும்தான் வேவு பார்க்கக் கூடாதா, பிடிக்காதவரைப் பார்க்கலாமா என்று கேம் நம்மிடம் கேட்கிறது. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி பிடித்தாலும் மனசு வலிக்கவில்லை. முதல் பாகத்தில் கசாண்ட்ரா என்ற பெண்ணின் கோப்பில் ஒவ்வொரு வரி சேரும்போதும் கூச்சமாக இருந்தது. ராபன் விஷயத்தில் அது வரவில்லை, ஒரு கட்டத்தில் 'நல்லா வேணும்' என்றுகூட நினைத்தேன். அவருடைய மனைவி கேரன், சகோதரர் இல்யா இருவருடைய பேச்சையும் படிக்கும்போது மட்டும்தான் பழைய கூச்சம் திரும்பியது. பொதுவெளியில் கத்துகிறவரைவிட, வீட்டுக்குள் மெல்லப் பேசுகிறவர்களை எட்டிப் பார்ப்பதுதான் உறுத்துகிறது. அந்த இருவருக்கும் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

மேலதிகாரி இந்த முறை ஆம்பிள்ஃபோர்ட் என்ற பெண். முதல் பாகத்து சைம்ஸ் வளவளவென்று பேசுவார், சில சமயம் தயங்குவார். இவர் ஒரு சொல் அதிகமாகச் செலவழிப்பதில்லை. எனக்கு இவரைத்தான் பிடித்திருக்கிறது.

ஜூன் 8

முடித்துவிட்டேன். இதற்கு மேல் கதை கொஞ்சம் கசியும், ஆடப்போகிறவர்கள் நிறுத்திக்கொள்ளவும்.

வதந்தி பரப்பும் கருவி கடைசியில்தான் கைக்கு வருகிறது. சேர்த்த தகவல்களைத் திருகி, ராபனுக்கு எதிராகப் பொதுவெளியில் விடலாம். தலைப்பே இதைத்தான் எதிர்பார்க்க வைத்தது. வந்த பிறகு பார்த்தால் கொஞ்ச நேர வேலை, அதற்குள் கதை முடிவுக்கு ஓடுகிறது. மூன்று பகுதிகளையும் சேர்த்து எனக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. நீளம் குறைவு என்பது என் புகார் இல்லை. நடுவில் வந்திருக்க வேண்டியது வாசற்படியில் நிற்கிறது, அதுதான்.

இன்னொன்று. இந்தக் கேம் 2018 பிப்ரவரி கடைசியில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக வந்தது. கடைசிப் பகுதி வெளியானது மார்ச் 22. ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது அதே மார்ச் 17. 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பிறகு ஃபேஸ்புக்கே சொன்னது. இப்படி ஒரு பொருத்தம் எந்த விளம்பரத்துக்கும் கிடைக்காது. ஆனால் அந்த விவகாரத்தோடு வைத்துப் பார்த்தால் கேமின் கருவி குழந்தைத்தனமாக இருக்கிறது. அங்கே பேச்சு முழுக்க, யாருக்கு எந்தப் பயம் இருக்கிறது என்று பிரித்து ஆளுக்கொரு சேதி அனுப்புவதைப் பற்றி. இங்கே மக்கள் எனக்கு ஒரே கூட்டமாகத்தான் தெரிந்தார்கள். சரியான வரியைப் போட்டால் இந்தப் பக்கம் சாய்கிறார்கள், தவறினால் அந்தப் பக்கம். வினாடி வினா மாதிரி விடையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவரின் பெயரைக் கெடுக்கிறேன் என்ற நினைப்பே இல்லை, 'இந்த முறை சரியா வந்துருச்சு' என்று மகிழ்ந்தேன். குழு இதைத் தெரிந்தே செய்ததா? அப்படியென்றால் பெரிய கெட்டிக்காரர்கள். எனக்குச் சந்தேகம்தான்.

முதல் பாகத்தில் நான் பொய்யே சொல்லவில்லை. உண்மையான வரிகளைத்தான் வெட்டி அனுப்பினேன், அதிலேயே அத்தனை கேடு விளைந்தது. பொய் சொல்லக் கருவியைக் கையில் கொடுத்ததும் அந்தப் பயங்கரம் குறைந்துவிட்டது. கெட்ட வேலை என்று தெரிந்து செய்யும்போது பழி சுமத்த ஆம்பிள்ஃபோர்ட் இருக்கிறாரே.

ஜூன் 9

முடிவு ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்பதால் முதல் பகுதியை மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஒரு வரிகூட அனுப்பக் கூடாது என்று முடிவு. எல்லாவற்றையும் படித்தேன். நிறம் மாறிய வரிகள் குவிந்து கிடந்தன. காத்திருந்தேன். கடிகாரம் அப்படியே நின்றது. ராபனும் எழுதவில்லை, ஆம்பிள்ஃபோர்டும் திட்டவில்லை. நான் பார்த்தவரை, யாரையாவது போட்டுக்கொடுத்தால்தான் அந்த நாட்டில் பொழுது போகும்.

தம்பியிடம் சொன்னேன். "வேலையை விட்டுப் போக ஒரு பொத்தான் வச்சிருக்கலாம்ல?"

"வெளியேறுன்னு ஒண்ணு மெனுவுல இருக்குக்கா," என்றான்.

அரை மணி நேரம் கழித்து, ராபனைப் பற்றி ஒரு சின்ன வரியை அனுப்பினேன். பத்து நிமிடம் ஓடியது.