சினிமா வரலாற்றுத் தாள்: 'சிட்டி லைட்ஸ்' படத்தை நான் படித்த முறை

முதுகலைத் திரைப்படக் கல்வியில் உலக சினிமா வரலாற்றுத் தாளை எழுதவிருப்போர், மௌனப் படங்கள் பேசும் படங்களாக மாறிய காலத்தைப் பற்றிய வினாவுக்குத் தயாராக இருப்பது நல்லது. அதற்கு நான் சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தையே முதன்மையாக எடுத்துக்கொண்டேன். பத்துப் படங்களின் பெயர்களை அடுக்குவதைவிட, ஒரு படத்தின் இரண்டு மூன்று காட்சிகளை நுணுகி எழுதுவதே விடைக்கு வலுச் சேர்க்கும்.

பின்னணிக்கு ஒரு பத்தி போதும். 1927 அக்டோபரில், பேச்சு இடம்பெற்ற முதல் முழுநீளப் படமான 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது; 1931 ஜனவரியில் 'சிட்டி லைட்ஸ்' வந்தபோது ஹாலிவுட்டில் மௌனப் படத் தயாரிப்பு ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. கேமராவின் இரைச்சல் ஒலிப்பதிவில் கலந்துவிடாமலிருக்க அதை ஒலிபுகாத அறைக்குள் அடைத்ததால், ஓட்டத்தையும் விழுதலையும் நம்பியிருந்த நகைச்சுவை எப்படி முடங்கியது என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும்.

இப்படத்தை மௌனப் படம் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது போதாது. வசனம் இல்லையே தவிர, சாப்ளினே அமைத்த இசையும் ஒலிக்குறிப்புகளும் படச்சுருளோடு இணைந்தே வந்தன. ஆகவே முதலில் ஒலியை அடைத்துவிட்டும், பிறகு ஒலியோடும் பார்த்துக் குறிப்பெடுத்தேன். தொடக்கத்தில் சிலையைத் திறந்து வைக்கும் பிரமுகர்களின் வாயிலிருந்து சொற்களுக்குப் பதில் கீச்சொலியே வருகிறது. பேசும் படத்தையும் மேடைப் பேச்சையும் ஒருசேரக் கேலி செய்யும் இவ்விடம் ஒலியை அடைத்தால் பாதி செத்துவிடுகிறது. விருந்தில் சாப்ளின் ஏற்ற நாடோடிப் பாத்திரம் விழுங்கிய ஊதல் ஒவ்வொரு விக்கலிலும் ஒலித்துப் பாடகரின் பாட்டைக் கெடுப்பதும், வாடகைக் காரையும் நாய்களையும் வரவழைப்பதும் அத்தகையதே. மாறாக, கார்க் கதவு சாத்தப்படுவதைக் கேட்டுப் பார்வையற்ற பூக்காரப் பெண் நாடோடியைச் செல்வந்தன் என்று எண்ணிக்கொள்ளும் காட்சி ஒலியே இல்லாமலும் புரிகிறது. கதையே ஓர் ஓசையின் மேல் நிற்கும்போதும் அதைக் கண்ணுக்குப் புரியவைத்ததுதான், என் பார்வையில், விடையின் மையமாக அமைய வேண்டிய செய்தி.

ஒப்பீட்டுக்கு, சாப்ளின் காலத்து மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹரால்டு லாயிடின் 'வெல்கம் டேஞ்சர்' (1929) பொருத்தமானது. மௌனப் படமாக எடுக்கப்பட்ட அதைச் சில பகுதிகளை மீண்டும் படமாக்கியும், சிலவற்றுக்குக் குரல் சேர்த்தும் பேசும் படமாக மாற்றினார்கள். திரை இருண்டு குரல்கள் மட்டும் கேட்கும் பகுதி அதில் உண்டு. வசூலில் வென்ற படம்தான். எனினும், சிரிப்பு உரையாடலுக்காகக் காத்து நிற்பதை இன்று பார்ப்பவர் எளிதில் உணரலாம்.

நாடோடியின் குரல் முதன்முதலாகக் கேட்பது 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில், பொருளற்ற சொற்களாலான ஒரு பாட்டில். இதை இறுதிப் பத்தியில் இரண்டு வரிகளில் சேர்க்கலாம். சாப்ளினின் முதல் முழுப் பேசும் படமான 'தி கிரேட் டிக்டேட்டர்' 1940-இல் வந்தது. வினாவின் கால எல்லையைத் தாண்டுவதால் நான் அதைத் தொடவில்லை.