உட்கார்ந்தால் காசு போகும்: பிரிட்டனில் பார்சல் வாங்கிச் சாப்பிட்ட கதை

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரம், சுற்றுலாப் பயணிகள் திரளும் ஓரிடத்தில் உள்ள உணவகத்தில், ஒரு தட்டு மீனுக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் என்னிடம் 24 பவுண்டுக்கு மேல் வாங்கிவிட்டார்கள். ஒரு பவுண்டு நூற்றுப் பத்து ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்நாளில், எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு (எனக்கு அது தீராத வியாதி) அந்தத் தட்டில் உள்ளது தொண்டையில் இறங்காது. மீனைச் சுற்றியிருந்த மாவு நமுத்துப் போயிருந்தது; வறுவல் உள்ளே வேகாமலும் வெளியே சிவக்காமலும் நடுவில் நின்றுவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, பில்லின் அடியில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் தானாகவே ஏறியிருந்தது. அது கட்டாயம் அன்று என்பதையும் அதே பில்லில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நீக்கச் சொன்னேன்; பரிமாறிய இளைஞர் முகம் சுளிக்காமல் நீக்கிக் கொடுத்தார். லண்டன் செல்பவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல சாப்பாடும் கனிவான உபசரிப்பும் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அன்று எனக்குக் கிடைத்தவற்றில் இரண்டாவது மட்டுமே உருப்படி.

ஊர் திரும்பிய பிறகும் அந்த எரிச்சல் ஆறவில்லை, ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம்: நடுத்தர வருமானத்தில் பிரிட்டன் சுற்றிப் பார்க்கச் செல்பவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கூடியவரை தவிர்த்துவிட்டு, பார்சல் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்நாட்டின் நல்ல உணவில் பெரும்பகுதி டேக்அவே கவுண்டரில்தான் இருக்கிறது. அதிலும் வடக்கே செல்லச் செல்ல விலை இறங்குகிறது, ருசி ஏறுகிறது.

உட்கார்ந்து சாப்பிட்டால் செலவு கூடுவதற்கு அரசாங்கமும் ஒரு காரணம். குளிர்ந்த உணவு வகைகளில் பெரும்பாலானவற்றைக் கடையிலிருந்து எடுத்துச் சென்றால் வாட் வரி கிடையாது. அதையே கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 விழுக்காடு வரி உண்டு. சூடான உணவு என்றால் எடுத்துச் சென்றாலும் வரிதான். ஆகவே ரொட்டிக் கடையில் காசு வாங்கும் பெண் "உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்பது வெறும் உபசார வார்த்தை அன்று, அந்தப் பதிலைப் பொறுத்து விலை மாறும். தெருவுக்குத் தெரு இருக்கும் கிரெக்ஸ் ரொட்டிக் கடைகளில் சாசேஜ் ரோல் (இறைச்சி பொதிந்த பஃப்ஸ்) எப்போதும் இளஞ்சூட்டிலேயே கிடைப்பதன் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்துத் தானாக ஆற விட்டால் வரியில்லை, சூட்டுப்பெட்டியில் வைத்தால் வரி உண்டு. 2012-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இந்தச் சலுகையைப் பறிக்கப் பார்த்து, நாடே கொதித்தெழ, இரண்டு மாதங்களில் பின்வாங்கினார். ஓர் ஆறிப்போன பஃப்ஸுக்காக அரசையே பணிய வைத்த மக்கள் மீது எனக்கு மரியாதை பிறந்தது. காலையில் ஒரு சாசேஜ் ரோலும் (மாமிசம் வேண்டாதவர்களுக்கு 2019-இல் வந்த வீகன் ரோல் இருக்கிறது, மிளகுக் காரத்தோடு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது) ஒரு தேநீரும் மூன்றரைப் பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

மதிய உணவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. பிரிட்டனின் மதியம் குளிர்ந்தது. கோட்டும் டையும் அணிந்த கனவான்கள் பன்னிரண்டரை மணிக்கு சூப்பர்மார்க்கெட்டில் நுழைந்து, முக்கோண அட்டைப்பெட்டியில் அடைத்த சாண்ட்விச் ஒன்று, சிப்ஸ் பாக்கெட் ஒன்று, குளிர்பானம் ஒன்று என மூன்றையும் பொறுக்கிக்கொண்டு, கணினி முன்னாலோ பூங்கா பெஞ்சிலோ அமர்ந்து பத்து நிமிடங்களில் சாப்பிட்டு முடிக்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மீல் டீல். பெட்டியில் அடைத்த சாண்ட்விச்சை மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1980-இல் விற்கத் தொடங்கியதிலிருந்து ஒரு தேசமே மதியத்தில் அடுப்பை மறந்துவிட்டது. நான்கு பவுண்டு அளவில் வயிற்றை அடைக்க வேறு வழி இல்லை என்பதால் நானும் தின்றேன். கடையின் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் அந்தக் குறைந்த விலை. அது இலவசமாகவே கிடைக்கிறது என்பதால் விமானத்திலிருந்து இறங்கியதும் செல்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். மூன்றில் விலை கூடிய பழச்சாற்றை எடுத்தால்தான் லாபம். தண்ணீர் பாட்டில் எடுப்பவர் கடைக்காரருக்குத் தருமம் செய்கிறார். இரவு ஏழு மணிக்கு மேல் அதே அலமாரிகளில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, அன்றைக்குக் காலாவதியாகும் பண்டங்களைப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் தள்ளிவிடுகிறார்கள். மஞ்சள் ஸ்டிக்கரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் கௌரவம் பார்ப்பவர் யாரும் இல்லை.

வடக்கே லீட்ஸ் நகரில் என் சித்தி மகன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பயணச்சீட்டு மலிவு என்று முன்பதிவு செய்திருந்தேன். அன்று தண்டவாளப் பராமரிப்பு என்று பாதி வழியில் இறக்கி, ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் ஏற்றினார்கள். சூடேற்றியை நிறுத்த முடியாத பேருந்து. திறக்க முடியாத சன்னல்கள். பின்னிருக்கையில் யாரோ பிரித்த முட்டை சாண்ட்விச். அந்த மூன்றும் சேர்ந்த ஒன்றரை மணி நேரத்தை நான் என் எதிரிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு லீட்ஸில் இறங்கினால், பேராவலோடு எதிர்பார்த்து வந்த மீன் வறுவல் கடைகள் பூட்டிக் கிடந்தன. சிப்பி என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் கடைகளில் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை; மற்ற நாட்களிலும் மதியத்துக்குப் பிறகு மூடி, மாலை நாலரைக்கு மீண்டும் திறந்து, இரவு சீக்கிரமே கழுவி வைத்துவிடுகிறார்கள்.

அன்று காப்பாற்றியது தெருமுனைச் சீனக் கடை. எவ்வளவு சிறிய ஊரானாலும் ஒரு சீன டேக்அவே இருக்கும். ஞாயிறு இரவும் திறந்திருக்கும். லிவர்பூலில் தோன்றி இப்போது வடக்கு முழுவதும் பரவியிருக்கும் சால்ட் அண்ட் பெப்பர் சிப்ஸ் அங்கே கிடைத்தது. தடித்த உருளைக்கிழங்கு வறுவலை வாணலியில் மீண்டும் புரட்டி, வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய், ஐந்து மசாலாப் பொடி, உப்பு தூவித் தருகிறார்கள். ஆறு பவுண்டுக்குள் இருவருக்குத் தாராளம். நம் நாக்குக்கு ஏற்ற ஒரே பிரிட்டிஷ் உணவைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் சிப்பி வாய்த்தது. நீளமான எஃகு வறுப்படுப்பின் பின்னால் நிற்பவர், ஹாடக் மீன் துண்டை வாலைப் பிடித்து மாவுக் கரைசலில் ஒரு முறை இழுத்து, கொழுப்பில் உடனே போட்டுவிடாமல் ஓரிரு நொடிகள் மேலாக அலசி, மாவு பொங்கத் தொடங்கிய பிறகே கையை விட்டார். அந்த அலசலில்தான் மேல்மாவு குமிழ் விட்டு மொறுமொறுப்பாகிறது. தெற்கே காட் மீனுக்கு மதிப்பு. லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்தில் ஹாடக் இல்லாவிட்டால் கடையை நடத்த முடியாது. வறுப்பது எண்ணெயில் அன்று, மாட்டுக் கொழுப்பில். யார்க்ஷயரின் பழைய கடைகள் இதைப் பெருமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் சைவர்களும் வெறும் உருளைக்கிழங்குதானே என்று எண்ணி வாங்கிவிடாமல், எதில் வறுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. தாவர எண்ணெயில் வறுக்கும் கடைகளும் உண்டு.

என் முறை வந்ததும் தம்பி காதருகே வந்து, "அண்ணா, நின்னு சாப்பிடறதுன்னா 'ஓப்பன்'னு சொல்லிடுங்க. மூடிக் கட்டினா ஆவியிலேயே நமுத்துடும்" என்றான். வெள்ளைத் தாளில் திறந்தபடி வாங்கி, உப்பும் மால்ட் வினிகரும் அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லி, இரண்டு பல் உள்ள மரக் குச்சியால் குத்தித் தின்றோம். வறுக்கும்போது உதிரும் மாவுத் துணுக்குகளை, கேட்டால் ஓர் அள்ளு சும்மா போடுகிறார்கள். மஷ்ஷி பீஸ் என்பது இரவெல்லாம் சோடா உப்பில் ஊறிய முதிர்ந்த பட்டாணியைக் குழைய வேகவைப்பது; கடற்கரைச் சுண்டலை உப்பும் மாங்காயும் இல்லாமல் மசித்துவிட்டதைப் போன்ற சோகம் அதில் இருக்கிறது. தேவையில்லை. அதற்குப் பதில் கறி சாஸ் வாங்குங்கள். மீனும் வறுவலும் சேர்த்துப் பத்துப் பவுண்டும் சில்லறையும். ஒருவர் வாங்கினால் ஒன்றரை ஆள் சாப்பிடலாம். லண்டன் நதிக்கரைக்காரர் இந்தப் பக்கம் வந்து ஒரு வாரம் பாத்திரம் கழுவிவிட்டுப் போகலாம்.

லீட்ஸிலிருந்து யார்க், மால்டன், பிக்கரிங் வழியாகக் கடலோர ஊரான விட்பிக்குச் செல்லும் 840-ஆம் எண் பேருந்தில், அரசு வைத்த கட்டண உச்சவரம்பின் தயவால், ஒரு வழிக்கு 3 பவுண்டுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடக்கு யார்க் மேட்டுநிலங்களைக் கடக்கும்போது செலவைப் பற்றிய நினைப்பே வரவில்லை. விட்பியில் 199 படி ஏறி அபே மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்தேன்; அதைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். துறைமுகச் சுவரில் அமர்ந்து சாப்பிட்ட மீன் லீட்ஸ் மீனைவிட உயர்ந்தது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்படியில்லை. கடலைப் பார்த்துச் சாப்பிடுகிறோம் என்பதால் மீன் அந்தக் கடலில் பிடித்ததாகிவிடாது. பிரிட்டனில் விற்கும் காட், ஹாடக் மீன்களில் பெரும்பங்கு நார்வே, ஐஸ்லாந்துப் பக்கக் கடல்களிலிருந்து வருகிறது. விட்பியில் கவனிக்க வேண்டியது கடற்காகங்களைத்தான். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் பாதி மீனை வாயருகே கொண்டு போன கணத்தில், பின்னாலிருந்து வந்த ஒரு பறவை முழுத் துண்டையும் கவ்விச் சென்றது. அவர் வெறுங்கையைப் பார்த்து, "பதினோரு பவுண்டு!" என்றார். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் பின்னாலிருந்து வர முடியாது.

கறி என்று அவர்கள் சொல்லும் மசாலாக் குழம்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நிறைவடையாது. பிரிட்டனின் கறி ஹவுஸ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியினர். பெரிய அண்டாவில் வெங்காயக் குழம்பு ஒன்றைக் கொதிக்க வைத்துக்கொண்டு, அதிலிருந்து கோர்மா, மெட்ராஸ், விண்டலூ என்று கார ஏணியில் எத்தனையாவது படி வேண்டுமோ அதற்கேற்பப் பொடி கூட்டித் தருகிறார்கள். மெட்ராஸ் கறி என்பதைச் சென்னைக்காரனாகிய நான் கடமை உணர்வோடு வாங்கிப் பார்த்தேன். தக்காளி விழுதும் மிளகாய்ப் பொடியும் சண்டையிடும் அந்தச் சிவப்புக் குழம்பில் கறிவேப்பிலையும் இல்லை, புளியும் இல்லை. வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக் 2001-இல் சிக்கன் டிக்கா மசாலாவைத்தான் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்றார். எனக்கு அது பாயசத்தில் கோழியைப் போட்டது போலத் தித்தித்தது, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் லீட்ஸை ஒட்டிய பிராட்ஃபோர்டு வேறு உலகம். கம்பளி ஆலைகளில் இரவு வேலைக்கு வந்த, பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்பூர் பகுதி மக்கள் தங்களுக்காகச் சமைக்கத் தொடங்கிய உணவு அங்கே இன்னும் இருக்கிறது. நான் சென்ற பழைய கடையில் எலும்போடு கூடிய ஆட்டுக்கறிக்கு மூன்று சப்பாத்தி சேர்த்தே விலை. கரண்டி வைக்கவில்லை, கையால் சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உட்காரக் கூடாது என்ற என் விரதத்தை மகிழ்ச்சியோடு முறித்த ஒரே இடம் அது.

ஸ்காட்லாந்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். எடின்பரோவில் மீன்மேல் வினிகருக்குப் பதில் நீர்த்த பழுப்பு சாஸ் ஊற்றுகிறார்கள். கிளாஸ்கோக்காரர்கள் அதைக் கேட்டாலே சிரிக்கிறார்கள். நான் கிளாஸ்கோ கட்சி. மாவில் தோய்த்து வறுத்த மார்ஸ் சாக்லேட்டைப் பயணிகள் படம் எடுப்பதற்காகவே வாங்குகிறார்கள்; இரண்டாவது கடி கடித்தவரை நான் பார்க்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பியபோது கையிருப்பு மெலிந்திருந்ததால் வறுத்த கோழிக் கடைகளே கதி. தென் லண்டன் பள்ளிப் பிள்ளைகள் மாலை நான்கு மணிக்கு முற்றுகையிடும் மார்லீஸ் கடைகளை 1985-இல் சிடன்ஹாமில் தொடங்கியவர் இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. கோழி இறக்கையும் வறுவலும் நான்கைந்து பவுண்டுக்குள். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இறங்கினால் செலவு இன்னும் குறையும்: இலங்கைத் தமிழர் கடைகளில் இரண்டு பவுண்டுக்குள் ஒரு மட்டன் ரோல், இரவானதும் தகடு தட்டும் சத்தத்தோடு கொத்து ரொட்டி. அங்கே "உறைப்புக் கூடப் போடவோ, அண்ணை?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன், கண்ணில் நீர் வருமளவுக்குப் போட்டார்கள்.

நடைமுறைக் குறிப்புகளை முன்னாலேயே தந்திருக்க வேண்டும், மீன் ஞாபகத்தில் விட்டுப்போயிற்று. ஸ்காட்லாந்து நீங்கலாக, கடை வாசலில் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் ஒட்டியிருக்கும். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயமில்லை, எனவே அங்கே ஒட்டாத கடை ஏன் ஒட்டவில்லை என்று யோசித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கடைப் பெயரைத் தட்டினாலும் மதிப்பெண் வந்துவிடும். நான் நான்குக்குக் கீழே இறங்கவில்லை. செயலி வழியாக அறைக்கு வரவழைக்காதீர்கள். விநியோகக் கட்டணம், சேவைக் கட்டணம், சிறு ஆர்டர் கட்டணம் என்று ஒன்பது பவுண்டுச் சாப்பாடு பதினைந்துக்குப் போய் நிற்கும். குடை எடுத்துக்கொண்டு நடங்கள். அங்கேயே அமர்ந்து அருந்த மது விற்கும் உரிமம் பெற்ற இடங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பாட்டிலுக்கு இரண்டு பவுண்டு அழ வேண்டாம்.