கதவுக்கு வெளியே ஐந்து நொடி

காப்பகத்திலிருந்து போன் வந்தால், எத்தனை குட்டி என்று கேட்பதற்கு முன்னால் கண் திறந்துவிட்டதா என்றுதான் கேட்பேன். நாய்க்குட்டிக்குக் கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். திறந்திருந்தால் இரவில் ஓரளவு தூங்கலாம். திறக்கவில்லை, தாயும் இல்லை என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். "அக்கா, நாலு குட்டி… கண்ணு இன்னும் திறக்கல" என்று அந்தப் பக்கம் இழுத்தால், "சரி, கொண்டு வா" என்று சொல்லிவிட்டு வெந்நீர்ப் பையைத் தேடத் தொடங்குவேன்.

ஆறு வருடமாக இந்த ஃபாஸ்டர் வேலை பார்க்கிறேன். மீட்ட குட்டிகளை வீட்டில் வைத்துத் தேற்றி, தத்துக்குத் தயார் செய்து அனுப்புகிற வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் உண்டு, கணக்கு ஒப்படைக்க வேண்டும், திட்டுவதற்கு ஒரு கால்நடை மருத்துவரும் உண்டு. பிழைப்புக்கு வீட்டிலிருந்தபடியே நாலைந்து பேருக்குக் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் என்பதாலேயே காப்பகத்துக்கு என்னைப் பிடிக்கும். பின்னால் என் காலை வாரிவிட்டதும் அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பசி மட்டும்தான். குட்டி கத்தினால் பால். முதல் ஈற்றில் ஒரு குட்டி கத்தக்கூட இல்லை. கையில் எடுத்தால் நனைந்த துணியைத் தூக்கியது போல் தொங்கியது. வாய்க்குள் விரல் வைத்தேன், அங்கேயும் சில்லென்றிருந்தது. பசியில் சோர்ந்துவிட்டது என்று நினைத்து அவசரமாகப் பால் கலக்கினேன். டாக்டர் போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "பாலைக் கீழ வைங்கம்மா! முதல்ல சூடு." பிறந்த குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அது 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் குடல் வேலையை நிறுத்திவிடும். ஊட்டிய பால் வயிற்றிலேயே தங்கிக் கெட்டுப்போகும், இல்லையென்றால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். சூட்டையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். பாதம் வெதுவெதுப்பாகி, வாய் என் தோலில் எதையோ துழாவ ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் பால்.

கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டுவது அடுத்த தப்பு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் குட்டி குப்புறப் படுத்து, தலையைச் சற்றே தூக்கித்தான் தாயிடம் குடிக்கும். மல்லாத்தினால் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வெறும் மாட்டுப்பாலும் போதாது. தாய்நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் மாட்டுப்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதற்கென்று இருக்கிற பால்பவுடர்தான் சரி. குடித்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் வருட வேண்டும். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம்கூட வராது, தாய் நக்கி நக்கித்தான் வரவழைக்கும். தாயின் நாக்கு செய்கிற வேலையைப் பஞ்சை வைத்துச் செய்யும்போதுதான் அதன் வேலைப்பளு நமக்கு விளங்கும்.

என் கணக்குப் புத்தி உதவியது எடை நோட்டில். ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் ஒரு வண்ண நூல் கட்டுவேன், வளர வளரத் தளர்த்திவிடுவேன். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. அதுவே அவற்றின் அடையாளம், பேர் வைப்பதில்லை. பேர் வைக்கிற உரிமை கூட்டிப் போகிறவர்களுக்கு என்று வெளியே சொல்வேன். உண்மையான காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லபடியாக இருக்கும் குட்டி ஆரம்ப நாட்களில் தினமும் தன் எடையில் 5 முதல் 10 சதவீதம் ஏறும். 640, 684, 728 கிராம் என்று ஏறிக்கொண்டே வந்த வரிசையில் திடீரென்று 722 என்று ஒன்று விழுந்தால், குட்டி எவ்வளவு துள்ளினாலும் டாக்டருக்குப் போன். நம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பல சமயம் தராசுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரத்தில் பால்பல் முளைக்கும். அப்புறம் கூழ் வைத்த தட்டுக்குள் இறங்கி நீந்தும். இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கொருமுறை பூச்சி மருந்து. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடுகிறது, அதனால் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு ஈற்றைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. ஐந்து குட்டிகள், ஆறு வாரம். காலையில் ஒன்று தட்டுக்கு வரவில்லை. மாலையில் அறைக்குள் நுழைந்தபோது அந்த நாற்றம், ரத்தக் கழிச்சலின் நாற்றம். பார்வோ. ஒருமுறை மோந்தவர்களுக்கு மறக்காது. ஐந்தில் இரண்டு மிஞ்சின. 1970-களின் பிற்பகுதிக்கு முன்னால் இந்த நோயை உலகத்தில் யாரும் நாய்களிடம் பார்த்ததில்லை. இன்று குட்டிகளை வைத்திருக்கிற எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கைக்கு சானிடைசர் போட்டுக்கொண்டேனே என்று நான் புலம்பியபோது, அது இந்த வைரஸை ஒன்றும் செய்யாது, தண்ணீரில் கலந்த பிளீச்தான் கொல்லும் என்றார் டாக்டர். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒரு வருடம்வரைகூட. அந்த அறையில் ஒரு வருடத்துக்குத் தடுப்பூசி முடியாத எந்தக் குட்டியையும் நான் வைக்கவில்லை.

பார்வோவைப் பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். குட்டியை வெளி உலகமே படாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். நானும் செய்தேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் மறிப்பதால், ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து இடைவெளி விட்டு 16 வாரம் வரை ஊசி போட வேண்டியிருக்கிறது. அதுவரை பொத்தி வைத்தால் என்ன ஆகும்? குட்டி மனிதர்களையும் உலகத்தையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம் மூன்றாவது வாரத்தில் திறந்து 12, 14 வாரத்துக்குள் மூடிவிடுகிறது. 1961-இல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வேலி போட்ட வயலில் மனித வாடையே இல்லாமல் 14 வாரம் வரை விடப்பட்ட குட்டிகள், அதற்குப் பிறகு எவ்வளவு பழக்கியும் காட்டு விலங்குகள் போலவே ஒதுங்கி நின்றன. உடம்பைக் காப்பாற்றும் கணக்கும் மனசைக் காப்பாற்றும் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும், சுத்தமான இடங்களில் பழக்க ஆரம்பியுங்கள், முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்கிறது அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம். ஆகவே துணித் தூளியில் போட்டுத் தெருவைக் காட்டுவேன், பாதம் தரையில் படாது. குடை விரிப்பது, அழைப்பு மணி, வாஷிங் மெஷின், ஹெல்மெட் போட்ட ஆள், தாடி வைத்த ஆள், ஊன்றுகோல், ஓடுகிற குழந்தை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக்.

இத்தனை டிக் போட்ட நோட்டில் ஒரு கட்டமே இல்லாமல் போனதுதான் மஞ்சளின் கதை.

மஞ்சள் நாலு குட்டிகளில் கடைசியாக மிஞ்சியது. எட்டு வாரம் முடியாமல் நாங்கள் எதையும் அனுப்புவதில்லை. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவைதான் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கின்றன. மற்ற மூன்றும் போன பிறகு மஞ்சள் என் நாற்காலிக்குக் கீழே குடிவந்தது. நான் கணக்கு எழுத, அது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே வரும். எனக்கோ பெருமை. ஒன்பதாவது வாரத்தில் இருவரும் வேலைக்குப் போகிற ஒரு தம்பதி வந்தார்கள். நல்லவர்களாகத் தெரிந்தார்கள். "அன்பானது, எல்லோரோடும் ஒட்டிக்கொள்ளும்" என்று குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை.

ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் கதவைச் சாத்தியதும் ஊளையிட ஆரம்பித்தால் திரும்பி வரும்வரை ஓயாதாம். கதவின் கீழ்ப்பகுதியைப் பிறாண்டியே நகத்தில் ரத்தம். பக்கத்து வீட்டுக்காரர் பதிவு செய்து அனுப்பியதை அந்தப் பெண் போனில் போட்டுக் காட்டினார். நான் முழுதாகக் கேட்கவில்லை. "அரை நாள் லீவு போட்டுப் பாத்தோம் அக்கா. நாங்க இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்று அழுதார். சரி என்று வாங்கிக்கொண்டேன். அவர்கள் போனதும் காப்பகத்துக்குப் போன் போட்டு, இவர்களுக்கு இனி எதையும் கொடுக்க வேண்டாம் என்று குறித்துவைக்கச் சொன்னேன். பொறுமை இல்லாதவர்கள், நாயை பொம்மை என்று நினைத்தவர்கள் என்று இரண்டு நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பழைய நோட்டைப் புரட்டினேன். எடை இருந்தது, கழிச்சல் இருந்தது, தூங்கிய நேரம்கூட இருந்தது. தனியாக இருந்த நேரம் என்று ஒரு நிமிடம்கூட இல்லை. கூடப்பிறந்தவை இருந்தவரை அவற்றோடு, அவை போன பிறகு என் காலடியில். பிறந்ததிலிருந்து அந்தக் குட்டி ஒருமுறைகூட ஒற்றையாக இருந்ததில்லை. அப்படிப்பட்டதைக் கொண்டுபோய் எட்டு மணி நேரம் ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் அதை என் வீட்டுக்குத் தயார் செய்திருந்தேன், அவர்கள் வீட்டுக்கு இல்லை.

அதற்குப் பிறகு செய்தது பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்துவேன். ஐந்து நொடி. அது முனகுவதற்கு முன்னால் உள்ளே வந்துவிடுவேன். கொஞ்ச மாட்டேன், பேச மாட்டேன், ஒன்றுமே நடக்காதது போல் கணக்கைத் திறப்பேன். பிறகு பத்து நொடி, மறுபடி ஐந்து, அப்புறம் இருபது. நேரம் சீராக ஏறினால் அதைக் குட்டி மோப்பம் பிடித்துவிடும், நடுவே குறைக்கவும் வேண்டும். சாவியை எடுத்தாலே அதற்கு உடம்பு நடுங்கியது. அதனால் ஒரு நாளைக்கு இருபது முறை சாவியை எடுத்து எங்கேயும் போகாமல் திரும்ப வைப்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ச் சமையலறையில் நிற்பேன். ஒருநாள் வாசலுக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். எதிர்வீட்டுக்காரர், "சாவி தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். உதட்டில் விரல் வைத்தேன். அதிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

ஒரு நிமிடத்தைத் தாண்ட எட்டு நாள் ஆனது. ஒருமுறை பேராசைப்பட்டு பத்து நிமிடம் விட்டேன், ஊளையிட்டுவிட்டது. திரும்ப முப்பது நொடிக்கு வந்து ஆரம்பித்தோம். ஆனால் பத்தைத் தாண்டிய பிறகு இருபது சுலபமாக வந்தது. நாலாவது வாரத்தின் முடிவில் 40 நிமிடம்.

அந்தப் பெண்ணிடமிருந்து அப்போது போன் வந்தது. "அது எப்படி இருக்குக்கா? யாராவது எடுத்துட்டாங்களா?" வாரத்துக்கு ஒருமுறை காப்பகத்தில் கேட்டுக்கொண்டிருந்தாராம். அங்கே பதில் சொல்லாமல் மழுப்பியிருக்கிறார்கள், நான்தான் குறித்துவைக்கச் சொன்னேனே. எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், என் நோட்டில் இல்லாத கட்டத்தையும் சேர்த்து. காப்பகத்துக்குப் போன் செய்து அந்தக் குறிப்பை அடிக்கச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

இப்போதெல்லாம் தத்துக்கு வருகிறவர்களிடம், நாய் பிடிக்குமா என்று நான் கேட்பதில்லை. பிடிக்காமலா வருவார்கள்? வீடு எத்தனை மணிக்குப் பூட்டும், எத்தனை மணிக்குத் திறக்கும், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். குறிப்பிலும் 'சுறுசுறுப்பானது' என்றெல்லாம் எழுதுவதில்லை. 'செருப்பைக் கடிக்கும், உயரமாக வைக்கவும்' என்று எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டுப் பின்வாங்கியவர்கள் உண்டு. பின்வாங்கட்டும்.

மஞ்சளுக்கு இரண்டாவது முறை எழுதிய குறிப்பில் ஒரே வரி: "40 நிமிடம் தனியாக இருக்கும், அங்கிருந்து தொடரவும்." மஞ்சளை மறுபடி கூட்டிப்போன அந்தத் தம்பதி மாறி மாறி லீவு எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது, ஒரு மணி, ஒன்றரை என்று தினமும் ஒரு எண் மட்டும் செய்தியாக வரும். வேறு எதுவும் எழுதமாட்டார்கள், நானும் கட்டைவிரலை மட்டும் அனுப்புவேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வீடியோ வந்தது. வீட்டுக்குள் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். கதவு மூடுகிறது. மஞ்சள் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. காது ஒருமுறை விறைக்கிறது, தளர்கிறது. பிறகு திரும்பி, தன் போர்வையை மூன்று சுற்றுச் சுற்றி, பெருமூச்சோடு விழுந்து தூங்கிப்போகிறது. அதற்கப்புறம் அதில் ஒன்றுமே நடக்கவில்லை. இருபது நிமிடமும் உட்கார்ந்து பார்த்தேன்.